அசதி எங்கே போகிறது?

ஆலங்குளம் பக்கத்து ஊர் ஒன்றிலிருந்து ஓர் அக்கா போனில் கேட்டார். பீடி சுற்றுகிறவர். காலை 5 மணிக்கு எழுந்து, தண்ணீர் பிடித்து, சமைத்து, பிள்ளைகளை அனுப்பிவிட்டுப் பீடி சுற்றும் சுளகை (முறத்தை) மடியில் வைத்தால், எடுத்து வைக்க இரவு 11 மணி ஆகிவிடுமாம். “தம்பி, சாயங்காலம் ஆறு மணிக்குக் கண்ணு சொருகும். ஒரு டீயக் குடிச்சா அசதி போயிரும். ஆனா மறுநா எந்திரிக்கும்போது ரெட்டிப்பா வந்து நிக்கி. அது எங்க போவுது, எங்க இருந்து திரும்பி வருது?”

அசதி ஏன் வருகிறது என்று என்னிடம் பலர் கேட்டிருக்கிறார்கள். எங்கே போகிறது என்று கேட்டவர் இவர்தான்.

சோறு குளுக்கோஸாகிறது, குளுக்கோஸிலிருந்து செல்கள் ஏடிபி என்ற மூலக்கூறைச் செய்துகொள்கின்றன. இது பள்ளியில் படித்ததுதான். விரலை மடக்குவதற்கும் கணக்குப் போடுவதற்கும் இதுவே விறகு. உடல் எடையில் 2 சதவீதமே இருக்கும் மூளை, ஓய்வில் இருக்கும்போதும் உடம்பின் சக்தியில் 20 சதவீதத்தை எடுத்துக்கொள்கிறது. சரி, விறகு எரிந்த பிறகு என்ன மிஞ்சும்? ஏடிபியில் மூன்று பாஸ்பேட்டுகள் உண்டு. அவை ஒவ்வொன்றாகக் கழன்றபின் கடைசியில் நிற்பது அடினோசின். அடுப்பில் தங்கும் சாம்பல் மாதிரி.

என்னை மயக்குவது இந்தச் சாம்பல்தான். இது சும்மா கிடக்கும் கழிவு இல்லை, செய்தியும் இதுவே. எவ்வளவு எரித்தோம் என்று எழுதி வைக்க உடம்பு தனிக் கணக்குப்பிள்ளை வைக்கவில்லை. எரிந்ததன் மிச்சமே கணக்காகிவிடுகிறது. 1997-இல் தார்யா போர்க்கா-ஹெய்ஸ்கனென் என்ற ஃபின்லாந்து விஞ்ஞானியின் குழு, பூனைகளை 6 மணி நேரம் தூங்கவிடாமல் வைத்து அளந்து பார்த்தது. மூளையில் விழிப்பைக் காக்கும் ஒரு பகுதியில் அடினோசின் ஏறிக்கொண்டே போனது. தூங்கவிட்டதும் மெல்ல இறங்கியது.

ஏறிய அடினோசின் என்ன செய்கிறது என்பதை நம்மூர் ஷேர் ஆட்டோவை வைத்துச் சொல்கிறேன். எல்லா சீட்டும் நிரம்பினால்தான் வண்டி கிளம்பும். நரம்புச் செல்லின் மேல் அடினோசினுக்கென்றே வடிவமைந்த சீட்டுகள் இருக்கின்றன. அவை ஏற்பிகள். ஒவ்வோர் அடினோசினாக வந்து உட்கார உட்கார அந்தச் செல் தணிகிறது. கண் எரியும், கொட்டாவி வரும், படித்த வரியையே மறுபடி படிப்போம். சீட்டு நிரம்ப நிரம்பத் தூக்கம் என்னும் வண்டி கிளம்பத் தயாராகிறது.

இப்போது டீ உள்ளே வருகிறது. டீயில் இருக்கும் கஃபீனின் உருவம் ஓரளவு அடினோசின் மாதிரியே இருக்கும். அந்தச் சீட்டில் பாந்தமாகப் பொருந்தும், ஆனால் செல்லைத் தணிக்காது. ஜன்னல் வழியாகத் துண்டைப் போட்டு இடம் பிடிப்போமே, அதுதான். சீட்டில் துண்டு கிடக்கிறது, ஆள் இல்லை. டிரைவர் தலையை எண்ணுகிறார், கணக்கு நிறையவில்லை, வண்டி நிற்கிறது. ஆனால் ஸ்டாண்டில் கூட்டம் குறையவே இல்லை. நாம் விழித்து வேலை செய்கிற ஒவ்வொரு நிமிடமும் புதுசாக ஆள் வந்து சேர்ந்துகொண்டே இருக்கிறது. நேரமானதும் துண்டுகள் ஒவ்வொன்றாக விலகும். காத்திருந்த கூட்டம் மொத்தமும் முண்டியடித்து ஏறும்.

அக்காவின் கேள்விக்கு இதுதான் பதில். அசதி எங்கேயும் போகவில்லை. ஸ்டாண்டிலேயே நின்றுகொண்டிருந்தது. கஃபீன் தூக்கத்தை மறைக்கும், தூக்கத்தைத் தராது. சாம்பலை மறுபடி விறகாக்கும் வேலை அதற்குத் தெரியாது. கூட்டம் கலைய தூக்கம்தான் வேண்டும்.

துண்டு உடனே விலகுவதும் இல்லை. நல்ல ஆரோக்கியமுள்ளவருக்கும் குடித்த கஃபீனில் பாதி குறைய ஏறத்தாழ 5 மணி நேரம் ஆகும். கர்ப்பிணிகளுக்கும் கருத்தடை மாத்திரை எடுப்பவர்களுக்கும் இன்னும் நேரமாகும். 6 மணிக்குக் குடித்த டீயில் பாதி, 11 மணிக்குப் பாயை விரிக்கும்போதும் உடம்பில் இருக்கிறது. அப்புறம் தூக்கம் ஆழமாக வராது, மிச்சக் கூட்டம் மறுநாளுக்குத் தள்ளிப்போகும். காலையில் ரெட்டிப்பாகத் தெரிவது அதனால்தான்.

இதைவிடக் கவலை தரும் ஒன்று இருக்கிறது. 2003-இல் வெளியான பென்சில்வேனியா பல்கலைக்கழக ஆய்வு ஒன்றில் 48 பேரைப் பிரித்து, ஒரு பகுதியினரை 14 நாட்கள் இரவுக்கு 6 மணி நேரம் மட்டும் படுக்கவிட்டார்கள். அவர்களுடைய கவனமும் வேகமும் நாளுக்கு நாள் சரிந்து, கடைசியில் ஓரிரு இரவு கண்ணே மூடாதவர்களின் நிலைக்கு வந்துவிட்டன. ஆனால் “தூக்கம் வருகிறதா?” என்று கேட்டால், “கொஞ்சம்தான்” என்றார்கள். களைப்பை அளக்கிற கருவியும் அதே மூளைதான், அதுவும் களைத்துப்போகிறது. “எனக்கு ஆறு மணி நேரம் போதும், பழகிவிட்டது” என்று சொல்பவர்களை நான் நம்புவதில்லை. அவர்கள் பொய் சொல்லவில்லை, அவர்களுக்கே தெரியவில்லை. தொடர்ந்து 17 மணி நேரம் விழித்திருப்பவரின் தடுமாற்றம், ரத்தத்தில் 0.05 சதவீதம் மது இருப்பவரின் தடுமாற்றத்துக்குச் சமம் என்று 1997-இல் ஆஸ்திரேலியாவில் அளந்து சொன்னார்கள். நம் நாட்டில் வண்டி ஓட்டுபவருக்கான வரம்பே 0.03தான். காலை 5 மணிக்கு எழுந்தவருக்கு இரவு 10 மணி என்பது 17-ஆவது மணி நேரம்.

அந்த 48 பேரும் பிலடெல்பியாவில் ஆய்வகத்துக்குள் படுத்துத் தூங்கிய, 21 முதல் 38 வயது வரையிலான ஆரோக்கியமானவர்கள். முக்கூடலிலும் மேலப்பாளையத்திலும் வீட்டு வேலையும் பீடியுமாக நாளை ஓட்டும் பெண்களின் தூக்கத்தை இப்படி அளக்க வேண்டும். நம் திருநெல்வேலி மருத்துவக் கல்லூரியும் மனோன்மணீயம் சுந்தரனார் பல்கலைக்கழகமும் செய்ய வேண்டிய வேலை இது. அரசு இதற்குப் பணம் ஒதுக்க வேண்டும் என்பது என் உறுதியான எண்ணம்.

மதியம் ஒரு பெண் தலை சாய்த்தால் ‘மூதேவி’ என்று ஏசும் வழக்கத்தை நாம் விட்டாக வேண்டும். கூட்டம் தாங்காமல் வண்டி கிளம்பியதற்கு எந்தத் தேவியும் பொறுப்பில்லை. 20 நிமிடம் கண்ணயர்வது நல்ல மருந்து. அதேபோல, நன்றாகத் தூங்கியும் அசதி தீராவிட்டால் கண்பட்டுவிட்டது என்று மிளகாயும் உப்பும் சுற்றிப் போட்டுவிட்டு இருந்துவிடக்கூடாது. தமிழ்நாட்டுப் பெண்களில் பாதிக்கு மேல் ரத்தசோகை உள்ளவர்கள். ஆரம்ப சுகாதார நிலையத்தில் ஹீமோகுளோபின், சர்க்கரை, தைராய்டு பற்றிக் கேளுங்கள். சாப்பாட்டோடு டீ குடித்தால் உணவிலுள்ள இரும்புச்சத்து சரியாகச் சேராது. ஒரு மணி நேரமாவது இடைவெளி விடுங்கள்.

அக்காவிடம் இதையெல்லாம் சொல்லிவிட்டு, “நம்ம மூளையை நம்ப முடியாது, வெளியே ஏதாவது அளவுகோல் வேணும்” என்றேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். “பீடிக்கடையில கழிச்சுப் போடுவாங்கல்லா தம்பி, அது பூராவும் நான் ஒம்போது மணிக்கு மேல சுத்துனதாத்தான் இருக்கும். நூலு இறுகாது, தல சரியா மடங்காது. கை சொல்லிட்டுத்தான் இருந்திருக்கு” என்றார்.

இப்போது 9 மணிக்குச் சுளகை எடுத்து வைத்துவிடுகிறாராம். சாயங்கால டீயை 3 மணிக்கு மாற்றிவிட்டார். இன்னும் ஒரு வாரம் பார்த்துவிட்டு, கழிவு எவ்வளவு என்று எண்ணிச் சொல்கிறேன் என்றிருக்கிறார்.