கரடி ஏன் முந்திக்கொண்டு பாய்கிறது?

காட்டு விலங்குகளுக்கு வைத்தியம் பார்க்கிறவன் என்று தெரிந்ததும் பலர் என்னிடம் கேட்பது ஒன்றுதான்: "புலியும் கரடியும் மோதினா யார் சார் ஜெயிக்கும்?" கையோடு ஒரு வீடியோவையும் காட்டுவார்கள். பெரும்பாலும் அது 2018 பிப்ரவரியில் மகாராஷ்டிராவின் தடோபா காட்டில் எடுத்ததாக இருக்கும். தண்ணீர் குடிக்கக் குட்டியோடு வந்த தாய்க்கரடியோடு ஓர் ஆண்புலி மோதுகிறது. கவ்வி, கீழே போட்டு அமுக்குகிறது. முடிந்தது கதை என்று நினைக்கும்போது கரடி திமிறி எழுந்து புலியைத் துரத்திவிடுகிறது. பார்ப்பவர்களுக்குக் கரடி ஜெயித்தது. எனக்கோ அதன் உடம்பில் எத்தனை பல் குத்து ஆழமாக இறங்கியிருக்கும், அதற்குள் சீழ் பிடிக்குமா என்றுதான் ஓடும். தொழில் புத்தி.

எடையை வைத்துப் பார்த்தால் இது சண்டையே இல்லை. வளர்ந்த ஆண்புலி சாதாரணமாக 200 கிலோவைத் தொடும். நம் நாட்டுத் தேன்கரடியில் ஆணே 80 முதல் 145 கிலோதான், பெண் இன்னும் குறைவு. கரடிக்குக் கண் மங்கல். கறையான் புற்றில் முகத்தைப் புதைத்தால் மேல்வரிசை நடுப்பல் இரண்டும் இல்லாத வாயால் அது உறிஞ்சும் சத்தம் நூறு மீட்டருக்கு அப்பாலும் கேட்கும். புலி வருவது தெரியும்போது அநேகமாக அது பக்கத்தில் வந்திருக்கும். ஓடிப் பிழைக்க முடியாது. மரம் ஏறத் தெரியும், ஆனால் ஆபத்து என்றால் மரத்தை நம்புவதில்லை. மிச்சம் இருப்பது ஒரே வழி: எழுந்து நின்று, உறுமி, தானே முதலில் பாய்வது.

பெரும்பாலும் இது பலிக்கிறது. புலி மறைந்திருந்து அடிக்கிற விலங்கு. பதுங்கல் வெளிப்பட்டுவிட்டால், நேருக்கு நேர் நின்று அடிவாங்கி அந்தக் கறியைத் தின்ன வேண்டுமா என்று அதற்கும் ஒரு கணக்கு உண்டு. புற்றை உடைக்கிற நகம் முகத்தில் பட்டால் கண் போகும். நகத்திடுக்கில் இருக்கும் மண் காயத்துக்குள் போனால் பழுக்கும். வேட்டையாட முடியாத புலி பட்டினி கிடக்கும், இல்லையென்றால் கால்நடைப் பக்கம் வரும். ஆனால் ஒன்று சொல்ல வேண்டும். புலிகளை முடமாக்கியதாக நான் பார்த்ததில் கரடியைவிட முள்ளம்பன்றிதான் அதிகம். அதை யாரும் வீடியோ எடுப்பதில்லை.

ரஷ்யாவின் தூரக் கிழக்கில் சிகோட்டே அலின் மலைகளில் கதையே வேறு. அங்கே கரடி புலிக்கு இரையும் ஆகிறது, புலி அடித்ததைத் தட்டிப் பறிக்கிற போட்டியாளரும் ஆகிறது. பனிக்காலத்தில் குகையில் தூங்கும் கரடியைப் புலி வெளியே இழுத்துக் கொல்வதும் உண்டு. சிக்குவது பெரும்பாலும் கருங்கரடியும் சின்ன உடம்புப் பழுப்புக் கரடியும்தான். பெரிய ஆண் பழுப்புக் கரடியிடம் புலி அவ்வளவாக வம்புக்குப் போவதில்லை. எனவே "யார் ஜெயிக்கும்" என்றால் எந்தக் கரடி, எவ்வளவு பெரியது, எந்த நேரத்தில் என்று நான் திருப்பிக் கேட்பேன்.

செத்த கரடியைப் பார்க்கக் கூப்பிடும்போதும் இதே அவசரம்தான். "புலி அடிச்சுட்டது" என்று முடிவு செய்து வைத்திருப்பார்கள். நான் முதலில் தேடுவது பித்தப்பையை. கள்ளச்சந்தையில் அதற்கு விலை உண்டு. அது அறுத்து எடுக்கப்பட்டிருந்தால் புலியின் மேல் பழி போட வேண்டியதில்லை. அடுத்து கழுத்திலும் காலிலும் சுருக்குக் கம்பியின் தடம். அப்புறம்தான் பல் குத்து. பிடரித் தோலை உரித்துப் பார்க்க வேண்டும். மேலே ரோமம் அடர்த்தி, ஒன்றும் தெரியாது. உயிரோடு கடிபட்டிருந்தால் குத்தைச் சுற்றி ரத்தம் கட்டியிருக்கும். செத்த பிறகு கடித்தால் ஓட்டை மட்டும் இருக்கும், ரத்தக்கட்டு இருக்காது. கம்பியில் செத்த கரடியைப் புலி வந்து தின்றுவிட்டுப் போயிருக்கலாம். இதைப் பார்க்காமல் எழுதும் பிரேதப் பரிசோதனை அறிக்கை கம்பி வைத்தவனுக்குத்தான் உதவும்.

மனிதர்களைக் கரடி தாக்குவதும் அதே பாய்ச்சல்தான். விடியற்காலையில் இலுப்பைப் பூ பொறுக்கவோ சுள்ளி ஒடிக்கவோ சத்தமில்லாமல் புதருக்குள் நுழைகிறவர், அதன் கணக்கில் திடீரென்று முளைத்த இன்னொரு புலி. அது கொன்று தின்ன வரவில்லை, பயத்தில் வருகிறது. ஆனால் முகம் கிழிந்தவருக்கு அந்த வித்தியாசத்தால் என்ன ஆறுதல்? எனவே தனியாகப் போகாதீர்கள். போகும்போது பேசிக்கொண்டே போங்கள், கம்பால் தட்டுங்கள். இருட்டு பிரியாத நேரத்தைத் தவிருங்கள். எதிரே வந்துவிட்டால் ஓட வேண்டாம், அதைவிட வேகமாக உங்களால் ஓட முடியாது. மேலே விழுந்துவிட்டால் குப்புறப் படுத்து, கைகளைப் பிடரியில் கோத்து, முகத்தை மண்ணில் புதையுங்கள். தப்பி வந்ததும் காயத்தைச் சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் பதினைந்து நிமிடம் கழுவ வேண்டும். காயம் பெரியதாக இருந்து ரத்தம் கொட்டினால் கழுவிக்கொண்டிருக்காமல் துணியால் அழுத்திப் பிடித்தபடி ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள். தையலோடு முடியாது, வெறிநாய்க்கடி ஊசியும் டெட்டனஸ் ஊசியும் கேட்டு வாங்குங்கள்.

சஃபாரி போகிறவர்களுக்கும் ஒன்று. குட்டிகள் பெரும்பாலும் டிசம்பர், ஜனவரியில் பிறந்து, தாயின் முதுகில் ஏறி வெளியே வரும் மாதங்களில்தான் காட்டில் தண்ணீரும் வற்றத் தொடங்கும். புலியும் கரடியும் ஒரே குட்டைக்கு வரும். ஒரு கோடையில் அப்படி ஒரு குட்டையில் கரையோரம் புலி படுத்திருந்தது, ஏழெட்டு ஜீப்புகள் குட்டைக்குப் போகும் வழியை அடைத்து நின்றன. முதுகில் இரண்டு குட்டிகளோடு ஒரு கரடி மேட்டில் வந்து நின்று மூக்கைத் தூக்கி மோப்பம் பிடித்தது. எங்கள் வண்டியில் ஒருவர், "இப்போ பாருங்க சண்டையை" என்றார். டிரைவரிடம் வண்டியைப் பின்னால் எடுக்கச் சொன்னேன். அவர் எடுத்தார், மற்றவர்கள் எடுக்கவில்லை. கரடி கொஞ்ச நேரம் நின்றுவிட்டு, தண்ணீர் குடிக்காமலேயே வந்த வழியில் திரும்பிப் போனது.