வலைத் துணுக்கு மூலப்பொருளாகத் திரும்பும் வழி

பருத்தித்துறையிலிருந்து ஒரு வாசகர் கேட்டிருக்கிறார்: "கரையில் வலைத் துணுக்குகளும் கயிற்றுத் தும்புகளும் மணலோடு மணலாகக் கிடக்கின்றன. போத்தல் பொறுக்குபவர்கள் இவற்றைத் தொடுவதே இல்லை. உருக்கி மறுபடியும் ஏதாவது செய்ய முடியாதா?"

உருக்குவதால் பெரிய பயன் இல்லை. வெயில் ஏற்கெனவே துணுக்குகளின் மூலக்கூற்றுச் சங்கிலிகளை அறுத்திருக்கும். நான்கு வகைப் பிளாஸ்டிக் கலந்து உருகினால் ஒன்றோடொன்று சேராமல், கை பட்டாலே நொறுங்கும் பண்டம்தான் கிடைக்கும். ஆனால் வாசகர் சொல்லும் துணுக்குகளில் கணிசமானவை ஒற்றை இழையால் பின்னிய தங்கூசி வலையிலிருந்து வந்தவை. தங்கூசி பெரும்பாலும் நைலோன்-6. அதை உருக்குவதை விட மேலான ஒன்றைச் செய்யலாம்: பிறந்த நிலைக்கே திருப்பி அனுப்பலாம்.

நைலோன்-6 ஐ 1938 இல் ஜெர்மனியில் பவுல் ஷ்லாக் உருவாக்கினார். மூலப்பொருள் கப்ரோலக்ரம். ஆறு காபன் அணுக்களும் ஒரு நைதரசன் அணுவும் கைகோத்து நிற்கும் ஏழணு வளையம் அது. சிறிது நீர் சேர்த்து 250 பாகை செல்சியஸ் அளவில் சூடாக்கினால் வளையங்கள் திறந்து ஒன்றன்பின் ஒன்றாக இணைந்து நீண்ட பல்பகுதியமாகின்றன. இவ்வளவும் பாடப்புத்தகத்தில் உண்டு.

எனக்கு எப்போதும் வியப்பூட்டுவது இதன் மறுதலைப் பாதை. சங்கிலியின் ஒரு நுனியில் நைதரசனைக் கொண்ட அமீன் கூட்டம் இருக்கிறது. உருகிய நிலையில் சங்கிலி ஓயாமல் நெளிகிறது. அப்படி நெளியும்போது, நுனியிலுள்ள நைதரசன் வளைந்து திரும்பித் தன் அலகின் (திறந்த ஒரு வளையமே ஓர் அலகு) மறுமுனையிலுள்ள, ஒட்சிசன் இணைந்த காபனைல் காபனைப் பற்றிக்கொள்கிறது. அந்தக் கணத்தில் அந்த அலகு ஏழணு வளையமாக மூடிக்கொண்டு சங்கிலியை விட்டுக் கழன்றுவிடுகிறது. கழன்ற இடத்தில் எஞ்சுவது எது? அடுத்த அலகின் நைதரசன். இப்போது அதுவே புதிய அமீன் நுனி. அதுவும் நெளிகிறது, வளைகிறது, பற்றுகிறது, கழல்கிறது. அரிசிச் சாக்கின் வாய்த் தையலில் சரியான நுனியைப் பிடித்து இழுத்தால் முழுத் தையலும் சரசரவென்று கழன்று வருமே, அப்படித்தான்.

எல்லாப் பல்பகுதியமும் இப்படி இணங்காது. இந்த ஏழணு வளையத்தில் இறுக்கம் மிகக் குறைவு. அதனால் வளையமாக இருப்பதற்கும் சங்கிலியாக இருப்பதற்கும் இடையிலான சக்தி வேறுபாடும் சிறிது. எது மேலோங்கும் என்பதை வெப்பநிலை தீர்மானிக்கிறது. தொழிற்சாலையில் புதிதாக நைலோன் செய்யும்போதுகூட ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கு வளையங்களாகவும் குட்டைச் சங்கிலிகளாகவும் உருகலில் எஞ்சிவிடுகிறது. அதை வெந்நீரில் கழுவி எடுக்கிறார்கள். அதாவது அங்கே ஒரு சமநிலை இருக்கிறது. சமநிலை இருந்தால் அதைக் குலைக்கலாம். பொஸ்போரிக் அமிலத்தை ஊக்கியாகச் சிறிது சேர்த்து, மிகைவெப்ப நீராவியை உருகலுக்குள் செலுத்தினால், உண்டாகும் கப்ரோலக்ரம் ஆவியோடு வெளியேறிவிடும். இழந்ததை ஈடுசெய்யச் சங்கிலி மேலும் மேலும் கழலும். உயர்தர வகுப்பில் படித்த இலச்சற்றலியர் தத்துவம் ஒரு கிழிந்த வலையைக் கரைத்து முடிக்கிறது! வடித்துத் தூய்மையாக்கிய பின் கிடைப்பது, பென்சீனிலிருந்து பல படிகளில் செய்த புதிய கப்ரோலக்ரமிலிருந்து எந்த விதத்திலும் வேறானதல்ல. அமெரிக்காவின் நோர்த்வெஸ்டேர்ன் பல்கலைக்கழகத்தில் டோபின் மார்க்ஸ் குழுவினர் 2023 இல் வெளியிட்ட ஆய்வில் யிற்றியம் போன்ற உலோகங்களைக் கொண்ட ஊக்கியால், கரைப்பான் இல்லாமல், 99 வீதம் வரை ஒருபகுதியத்தை, அதாவது கப்ரோலக்ரமை, மீட்டிருக்கிறார்கள்.

துணுக்கு நுண்ணியதாக இருப்பது இங்கே குறையல்ல. 5 மில்லிமீற்றர் மணியை 0.1 மில்லிமீற்றர் பொடியாக்கினால் மொத்த மேற்பரப்பு 50 மடங்காகும். வெப்பமும் நீராவியும் விரைவாக உள்ளே செல்லும். சங்கிலி ஏற்கெனவே அறுந்திருந்தாலும் கவலையில்லை, எப்படியும் பிரிக்கத்தானே போகிறோம்.

சிக்கல் இனம் பிரிப்பதில் இருக்கிறது. இதற்கு யாழ்ப்பாணத்தாரிடம் நல்ல விடை உண்டு: உப்புநீர். அள்ளிய மணலையும் துணுக்குகளையும் முதலில் நன்னீரில் இடுங்கள். பொலித்தீனும் பொலிப்புரொப்பிலீனும் மிதக்கும், அவற்றை வாரிவிடலாம். அடியில் தங்கியதை ஆனையிறவு உப்பளப் பாத்திகளில் உப்பு விளையும் தறுவாயில் இருப்பது போன்ற நிரம்பிய உப்புக்கரைசலில் இட்டால், அதன் அடர்த்தி நீரைப்போல் 1.2 மடங்கு என்பதால், 1.14 அடர்த்தியுள்ள நைலோன் மேலே வரும். 1.38 அடர்த்தியுள்ள போத்தல் பிளாஸ்டிக்கும் மணலும் சிப்பியும் கீழேயே இருக்கும். பொடியில் காற்றுக் குமிழ் ஒட்டி ஏமாற்றாமலிருக்கச் சில துளி சவர்க்காரம் போதும். பள்ளிக்கூட ஆய்வுகூடத்திலேயே செய்து பார்க்கலாம்.

வாரி எடுத்த பொலித்தீனுக்கு இந்த வித்தை பலிக்காது. அதில் காபன்-காபன் பிணைப்பைத் தவிரப் பிடிக்க நுனி இல்லை. காற்றில்லாமல் 400 முதல் 500 பாகை வரை சூடாக்கினால் கண்டபடி உடைந்து மெழுகும் எண்ணெயும் வாயுவும் தரும். அந்த எண்ணெயை எரித்துவிட்டு அதையும் மீள்சுழற்சி என்று அழைப்பதை நான் ஏற்கவில்லை.

அதைவிட எனக்கு மனம் பொறுக்காதது, தடையை மீறியதற்காகப் பிடிபடும் தங்கூசி வலைகளை எரிப்பது. நைதரசன் உள்ள பல்பகுதியம் எரிந்தால் ஐதரசன் சயனைட்டும் புகையோடு கிளம்பும். கப்ரோலக்ரம் ஆலையை இங்கே கட்டச் சொல்லவில்லை. அதற்கு வேண்டிய தொன் கணக்கு நம் கரைகளில் சேராது. ஈயக் குண்டையும் மிதவையையும் கழற்றி, வலைகளைக் கழுவி உலர்த்தி, வெளியிலுள்ள ஆலைக்கு அனுப்பக் கட்டுக் கட்டாக வைக்க, குருநகரிலோ மயிலிட்டியிலோ ஒரு கொட்டகையும், எது நைலோன்-6 என்று சோதித்துச் சொல்ல யாழ்ப்பாணப் பல்கலைக்கழக மாணவர் இருவருக்கு ஆராய்ச்சிப் படியும் ஒதுக்கினால் தொடங்கிவிடலாம்.