வலைக்குத் தப்பும் மேய்ச்சல்காரர்கள்

இலங்கை மலைநாட்டின் மவுசாகலை நீர்த்தேக்கம் வற்றினால், அதில் மூழ்கிய பழைய மஸ்கெலியா நகரின் கோயில் வெளியே தெரியும், பார்க்கக் கூட்டம் சேர்ந்துவிடும். அதே தண்ணீரில் குடியிருக்கும் ஒற்றைக்கல உயிரிகளான புரோட்டோசோவாக்களைப் பார்ப்பது அவ்வளவு லேசில்லை.

ஏரியின் உணவு வலை என்றதும் அல்கா, அதைத் தின்னும் டப்னியா என்ற நீர்த்தெள்ளு, டப்னியாவைத் தின்னும் மீன் என்று பள்ளியில் வரைந்த படம்தான் நினைவுக்கு வரும். அந்தப் படத்தில் ஒரு பாதையே விடுபட்டிருக்கிறது. ஒரு மில்லிலீற்றர் ஏரி நீரில் ஏறக்குறைய பத்து இலட்சம் பக்டீரியாக்கள் இருக்கும். அழுகும் இலையிலும், மழை தேயிலை மலையிலிருந்து அடித்துவரும் மண்ணிலும் இருந்து கரைந்த பொருளை உண்டு அவை பெருகுகின்றன. நீரில் மிதந்து வாழும் சிறு விலங்குகளான விலங்கு மிதவைகள் பலவற்றுக்கு அவை பிடிபடாத அளவு சிறியவை. அவற்றை மேய்வது 2 முதல் 20 மைக்ரோமீற்றர் வரையான, சவுக்கு போன்ற இழையால் நீந்தும் சவுக்குமுளை உயிரிகள். இவற்றைப் பிசிர் கொண்ட சிலியேட்டுகள் தின்னும், சிலியேட்டுகளை டப்னியாவும் கொபிபொட்டுகள் என்ற இன்னொரு வகை விலங்கு மிதவையும் தின்னும். மேயும்போது வெளியேறும் நைதரசனும் பொசுபரசும் மறுபடி அல்காவுக்கு உரம். கடலில் இதைக் கண்ட ஆய்வாளர் அசாமும் சகாக்களும் 1983இல் ‘நுண்ணுயிர் வளையம்’ என்று பெயர் வைத்தார்கள்.

சரி, சவுக்குமுளை உயிரிகளும் சிலியேட்டுகளுமான இந்தப் புரோட்டோசோவாக்களை எப்படி எண்ணுவது? மிதவை வலை உதவாது. பெரும்பாலானவை கண்ணி வழியே நழுவிவிடும், மென்மையானவை உரசி உடைந்துபோகும். ஆகவே தண்ணீரை அப்படியே போத்தலில் எடுத்து, பிளேன்டீயை இன்னும் நீர்க்கச் செய்த நிறம் வரும்வரை லூகோல் அயடீன் விடுவார்கள். அயடீன் ஏறிய கலங்கள் கனத்து, உருளைக் கிண்ணத்தின் அடியில் இரவோடிரவாகப் படியும். மறுநாள் தலைகீழ் நுணுக்குக்காட்டியால் கீழிருந்து பார்த்து எண்ணலாம்.

ஆனால் லூகோலில் சில சிலியேட்டுகள் சுருங்கிவிடும், சில வெடித்தே போகும். அதன் பழுப்பு நிறம் பச்சையத்தின் சிவப்பு ஒளிர்வையும் மறைத்துவிடுகிறது. அப்புறம், ஒளித்தொகுப்பும் செய்து பக்டீரியாவையும் விழுங்கும் இரட்டைப் பிழைப்புக்காரர்களை எப்படிப் பிரித்தறிவது? அதற்காக இன்னொரு போத்தலில் குளூட்டரல்டிகைட் விட்டு, டி.என்.ஏ.யில் ஒட்டும் டாப்பி சாயம் ஏற்றி, புறஊதா ஒளியில் கலத்தின் கருவும் விழுங்கிய பக்டீரியாவும் நீலமாகவும் பச்சையம் சிவப்பாகவும் ஒளிர்வதைப் பார்ப்பார்கள்.

புரோட்டோசோவாக்களில் பல ஒரே நாளில் இரண்டாகப் பெருகக்கூடியவை. மாதம் ஒருமுறை மாதிரி எடுத்தால், பருவமழை கலக்கிவிட்ட தண்ணீரில் ஒரு கூட்டம் எழுந்து அடங்கியதே தெரியாமல் போகலாம். என்னைக் கேட்டால், பத்து இடத்தில் மாதம் ஒருமுறை எடுப்பதைவிட ஓரிடத்தில் வாரந்தோறும் எடுப்பது மேல். டி.என்.ஏ. பரிசோதனை இப்போது வேலையைச் சுருக்குகிறதுதான். ஆனால் சிலியேட்டுகளின் ஒரே கலத்தில், இனத்தை அடையாளம் காண அந்தப் பரிசோதனை தேடும் மரபணு ஆயிரக்கணக்கான பிரதிகளாக இருக்கும் என்பதால், தலைக்கணக்குக்கு நுணுக்குக்காட்டி இன்னும் தேவைப்படுகிறது.