கத்திரி விழுவதற்கு முன்

பாத்திரம் வாங்கினால் மாற்றிக்கொள்ளலாம், செருப்பு வாங்கினாலும் மாற்றிக்கொள்ளலாம். துணியில் கத்திரி பட்டுவிட்டால் அவ்வளவுதான். தையல் கடை, மேட்சிங் கடை நடத்துகிறவர்கள் வாடிக்கையாளரைத் தக்கவைப்பது பற்றிப் பேசினால் தள்ளுபடி, இலவசப் பை, தீபாவளி ஸ்வீட் என்று அடுக்குகிறார்கள். ஜாக்கெட் தைப்பதும் தையல் சொல்லிக்கொடுப்பதும் என் தொழில். நான் பார்த்தவரை, ஆள் திரும்பி வருவாரா மாட்டாரா என்பது துணியை வெட்டுவதற்கு முன்னால் என்ன சொன்னோம் என்பதில்தான் இருக்கிறது.

சேலத்தில் இது இன்னும் கூடுதல். வெண்பட்டுக்குப் புவிசார் குறியீடு வாங்கிய ஊர். அம்மாப்பேட்டை, குகை, கொண்டலாம்பட்டிப் பக்கமிருந்து வருகிறவர்களில் பலர் வீட்டிலோ பக்கத்து வீட்டிலோ தறிச் சத்தம் கேட்டு வளர்ந்தவர்கள். துணியை இரண்டு விரலுக்கு நடுவே தேய்த்துப் பார்த்தே பாதியைச் சொல்லிவிடுவார்கள். அவர்களிடம் கதை விட முடியாது. ஒரு தடவை விட்டால் அந்தத் தெருவே வராது.

நிறத்தை எடுத்துக்கொள்ளுங்கள். இளம்பிள்ளைப் புடவை ஒன்றுக்கு ஜாக்கெட் பிட் தேடுகிறோம். கடை டியூப்லைட்டில் அச்சு அசலாகப் பொருந்தும். வெளியே வெயிலில் பிடித்தால் ஒன்று மயில்கழுத்து, மற்றது ராமர் பச்சை! புடவைக்குப் போட்ட சாயம் வேறு, ஜாக்கெட் பிட்டாக வரும் ரூபியா துணிக்குப் போட்ட சாயம் வேறு. வெளிச்சம் மாறினால் இரண்டும் ஒரே மாதிரி நிறம் காட்டாது. கடைவீதிப் பக்கம் நான் வழக்கமாகப் போகும் சின்ன மேட்சிங் கடையில் வேலை செய்யும் பெண், முந்தானையையும் பிட்டையும் சேர்த்துப் பிடித்துக்கொண்டு நேராக வாசல்படிக்கு வந்துவிடுவார். “அக்கா, இது லைட்டுக்குத்தான் மேட்ச், வெயிலுக்கு இல்லைங்க. விசேஷம் பகல்லயா, ராத்திரியா?” ராத்திரி ரிசப்ஷன் என்றால் சமாளிக்கலாம், காலை முகூர்த்தம் என்றால் வேறு பிட். சில நாள், “இந்த ஷேடு எங்ககிட்ட இல்லைங்க” என்று எதிர்க்கடையைக் கைகாட்டிவிடுவார். அன்றைக்கு அவர்களுக்கு ஒரு பிட் வியாபாரம் போச்சு. ஆனால் ஃபால்ஸ், நூல்கண்டு, கொக்கி, இன்ஸ்கர்ட் என்று எது வாங்குவதானாலும் நான் போவது அங்கேதான். என்னிடம் தைக்க வருகிறவர்களையும் அங்கேதான் அனுப்புகிறேன்.

அடுத்தது லைனிங். ஆல்டரேஷனுக்கு வரும் ஜாக்கெட்டுகளில் நான் அடிக்கடி பார்க்கும் கோளாறு இது. நனைக்காமல் தைத்த காட்டன் லைனிங் முதல் சலவையிலேயே சுருங்கும். மேலே இருக்கும் பாலியஸ்டர் சுருங்காது. உள்துணி இழுக்க இழுக்க, மேல்துணி அக்குளிலும் முதுகிலும் மடிப்பு விழுந்து நிற்கும். “டெய்லர் கெடுத்துட்டார்” என்பார் வாடிக்கையாளர். “துணி மட்டம்” என்பார் டெய்லர். “நனைச்சுத் தைக்கச் சொல்லுங்க” என்று விற்கும்போதே கடைக்காரர் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் மூன்று பேருக்கும் வம்பில்லை. இரண்டு மூன்று மணி நேரம் ஊறவைத்து, முறுக்காமல் நிழலில் உலர்த்தி, இஸ்திரி போட்டு அப்புறம் வெட்ட வேண்டும். மெரூன், கறுப்பு லைனிங் என்றால் ஈரமான வெள்ளைத் துணியால் ஓரத்தில் தேய்த்துப் பாருங்கள். அதில் சாயம் ஒட்டினால் வியர்வையிலும் ஒட்டும். பட்டுக்கு அடியில் அதைக் கொடுக்கவே கூடாது.

அளவு பற்றி நீட்டி முழக்க ஒன்றுமில்லை. புடவையோடு வரும் பிட் பெரும்பாலும் 80 செ.மீ. இருக்கும், முழங்கை வரை கை வைக்க வேண்டும், உடம்பும் கொஞ்சம் பெரிது என்றால் போதாது. துணியின் அகலம் 36 இஞ்சா 44 இஞ்சா என்று பார்க்காமலே “ஒரு மீட்டர் எடுத்துக்கோங்க” என்பவர் உங்கள் ஜாக்கெட்டை யோசிக்கவில்லை.

டெலிவரி தேதி சொல்வதும் வெட்டுவதற்கு முன் சொல்ல வேண்டிய உண்மைதான். ஏற்காட்டிலிருந்து ஒருவர் 20 கொண்டை ஊசி வளைவு இறங்கி வருகிறார். “கொக்கி மட்டும் பாக்கிங்க, நாளைக்கு வாங்க” என்றால் அவருக்கு ஒரு நாள் கூலி போச்சு. மலையிலிருந்து வருகிறவர்களை நான் போன் செய்த பிறகுதான் கிளம்பச் சொல்கிறேன். போட்டுப் பார்த்து, பிடிக்கவோ விடவோ வேண்டியிருந்தால், அவர் டீ குடித்துவிட்டு வருவதற்குள் முடித்துவிடுவேன். கோட்டை மாரியம்மன் ஆடித் திருவிழாவுக்கும் தீபாவளிக்கும் முன்னால் கை நிறைந்துவிட்டால், முடியாது என்று சொல்லிவிட வேண்டும். அதைக் கேட்டுக் கோபித்துக்கொண்டு போனவர் பொங்கலுக்கு வந்துவிடுவார். தீபாவளிக் காலையில் துணி கைக்கு வராதவர் வரவே மாட்டார்.

சரி, பில். “விற்ற சரக்கு திரும்பப் பெறப்படாது” என்று அச்சடித்துவிட்டால் எல்லாம் முடிந்தது என்று நினைக்கிற கடைகள் இன்னும் இருக்கின்றன. 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, குறையுள்ள பொருளை பில்லில் சொன்ன காலத்துக்குள், காலம் எதுவும் சொல்லாவிட்டால் 30 நாளுக்குள், திரும்பப் பெற்றுப் பணம் தர மறுப்பது முறையற்ற வணிகம். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. இது குறையுள்ள துணிக்குத்தான், வீட்டுக்குப் போன பிறகு நிறம் பிடிக்கவில்லை என்பதற்கு அல்ல. வெட்டிய பிறகு கண்டுபிடித்த குறை யாருடையது என்று வாதாடுவதும் கஷ்டம். அதனால் வாங்கி வந்ததும் துணியை முழுக்கப் பிரித்து ஜன்னலுக்கு எதிரே பிடித்துப் பாருங்கள். இழை அறுந்த இடமோ கறையோ தெரிந்தால் பில்லோடு அன்றைக்கே போங்கள். என்னிடம் தைக்கக் கொண்டுவந்த பிறகு காட்டினால், அந்த இடம் அக்குளுக்குள் போகிற மாதிரி பார்த்து வெட்டத்தான் என்னால் முடியும்.