பெஸ்ட் கன்ட்ரோல்: பூச்சியா, பீடையா?

‘பெஸ்ட் கன்ட்ரோல்’ (pest control) என்பதைத் தமிழில் எப்படிச் சொல்வது? அதிலுள்ள ‘பெஸ்ட்’ என்பது கொள்ளைநோயையும் அழிவையும் குறித்த ‘பெஸ்டிஸ்’ என்னும் இலத்தீன் சொல்லின் வழிவந்தது. பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்தில் நுழைந்தபோது நோயையே சுட்டிய அச்சொல், பின்னர் தொல்லை தரும் மனிதரையும் உயிரினத்தையும் குறிக்கலாயிற்று. 1894இல் கண்டறியப்பட்ட பிளேக் கிருமிக்கு இன்று ‘யெர்சினியா பெஸ்டிஸ்’ என்பதே பெயர். அந்நோயைப் பரப்புவது எலியின் உடலில் வாழும் தெள்ளுப்பூச்சி என்பதால், பழைய பொருளும் புதிய பொருளும் ஒரே உயிரினத்தில் வந்து சேர்ந்துவிட்டன.

தமிழில் ‘பூச்சிக் கட்டுப்பாடு’ என்பதே பரவலான வழக்கு. எலி பூச்சியன்று, எட்டுக் கால் கொண்ட சிலந்தியும் உண்ணியும் விலங்கியல்படி பூச்சியினத்தில் சேரா. ஆனால், ‘பூச்சி பொட்டு இருக்கும், பார்த்துப் போ’ என்னும் பேச்சில் பாம்புவரை அடங்கிவிடுவதால், மக்கள் வழக்கில் பூச்சி அவ்வளவு குறுகிய சொல்லும் அன்று. துன்பம் என்று பொருள்படும் வடசொல்லிலிருந்து வந்த ‘பீடை’ இலங்கைத் தமிழில் கலைச்சொல்லாகவே நிலைத்து, ‘பீடைநாசினி’ என அன்றாடம் வழங்குகிறது. தமிழ்நாட்டில் அது வசைச்சொல்லாக ஒலிப்பதைத் தடையாகச் சொல்வர். ஆங்கிலத்திலும் ‘பெஸ்ட்’ வசைதான் என்பதால், அதை நான் தடையாகக் கருதவில்லை. எலியையும் உட்படுத்தி எழுதும் இடத்தில் ‘பீடைக் கட்டுப்பாடு’ என்பதே பொருந்தும். வடசொல் வேண்டாதார் ‘தீங்குயிர்க் கட்டுப்பாடு’ எனலாம்.

‘ஒழிப்பு’ என்று எழுதுவதுதான் பெரும்பிழை. ‘கன்ட்ரோல்’ என்பதன் மூலம், கணக்கைச் சரிபார்ப்பதற்கென வைத்திருந்த எதிர்ப்பதிவேட்டைக் குறித்த இடைக்கால இலத்தீன் சொல்லாகும். தொழிலின் இயல்பும் அதுவே. 1959இல் கலிபோர்னியாவின் பூச்சியியலறிஞர் நால்வர் வெளியிட்ட கட்டுரை, பீடையின் எண்ணிக்கை பொருளிழப்பை உண்டாக்கும் அளவை நெருங்கும்போதே மருந்தை நாட வேண்டும் என்ற கருத்தை வேளாண்மையில் நிலைநிறுத்தியது. வீட்டிலும் கிடங்கிலும் ஏற்கத்தக்க அளவு வேறுபடலாம். ஆயினும் முதலில் ஆய்வு, அடுத்து இன்னதென அடையாளம் காணல், பிறகு உணவு, நீர், புகுவழி ஆகியவற்றை அடைத்தல், கடைசியாகவே மருந்து என்னும் வரிசை மாறுவதில்லை. சுண்டெலி நுழைய ஏறத்தாழ 6 மில்லிமீட்டர் இடைவெளி போதும் என்பதால், இரும்புக் கம்பிவலையும் ஒரு கருவியே.

பிற கருவிகளுள் கைவிளக்கும் பசைப்பொறியும் ஆய்வுக்கு உரியவை. பொறியில் எத்தனை சிக்கின என்பதைவிட, எந்தப் பொறியில் சிக்கின என்பதே கூடு இருக்குமிடத்தைக் காட்டும். ஆகவே பொறிகளுக்கு எண்ணிட்டுப் பதிவது வழக்கம். கரப்பானுக்கு ஜெல் இரையைச் சிறுசிறு துளிகளாக இடுக்குகளில் வைப்பர். அதை உண்ட கரப்பானின் எச்சத்தையும் உடலையும் மற்றவை தின்பதால் நஞ்சு மேலும் பரவும். அதே இடத்தில் விரட்டும் தன்மையுள்ள மருந்தைத் தெளித்தால் கரப்பான் இரையை அணுகாது. கைப்பம்புத் தெளிப்பான் பரப்புகளுக்கும், பொடிதூவி சுவர் உட்குழிவுகளுக்கும் பயன்படும். கையுறையும் சுவாசக் கவசமும் அவற்றைக் கையாள்வோருக்குக் கட்டாயம்.

‘புகை போடுதல்’ என்ற ஒரே தொடரால் இரு வேறு வேலைகளைக் குறிப்பதும் குழப்பமே. ஃபாகிங் என்பது காற்றில் மிதக்கும் நுண்துளிகளால் பறக்கும் கொசுவைத் தாக்குவது; ஆதலால் அது ‘மருந்துப்பனி’. ஃபியூமிகேஷன் என்பது காற்றுப்புகாமல் மூடிய இடத்தில் பாஸ்பீன் போன்ற வாயுவைத் தானியத்தின் உள்ளும் ஊடுருவச் செய்வது. அதற்கு ‘நச்சுவாயு மூட்டம்’ என்பது தகும்.