வீக்கம் வடிந்துவிட்டது, தசைநாண் ஆறவில்லை

2021-ல் நடந்த டோக்கியோ ஒலிம்பிக்கில் இந்தியக் குதிரை வீரர் ஃபவாத் மிர்சாவின் புள்ளிகளை வரிசையாகப் பார்த்தாலே, ஒரே குதிரை மூன்று சோதனைகளைத் தாண்ட வேண்டிய ஈவென்டிங் எப்படிப்பட்ட போட்டி என்று புரிந்துவிடும். டிரெசாஜ் (கட்டளைப்படி நடைகாட்டும் சோதனை) முடிந்தபோது 28.00 அபராதப் புள்ளிகளுடன் 9-வது இடம். கிராஸ் கன்ட்ரியில் (திறந்தவெளித் தடத்தில் தடைகளைத் தாண்டும் ஓட்டம்) 28 நொடி தாமதம், நொடிக்கு 0.4 வீதம் 11.20 சேர்ந்து 22-வது இடம். களத்துக்குள் கட்டைகளைத் தாண்டும் ஷோ ஜம்பிங்கில் முதல் சுற்றில் 8, இறுதிச் சுற்றில் 12.40. மொத்தம் 59.60, கடைசியில் 23-வது இடம். 2018 ஜகார்த்தா ஆசிய விளையாட்டில் அவருக்கு வெள்ளி வாங்கித் தந்த அதே மெடிகாட் குதிரைதான் இது.

அதே டோக்கியோ கிராஸ் கன்ட்ரியில் சுவிட்சர்லாந்தின் ஜெட் செட் என்ற குதிரைக்கு, வலது காலில் குளம்புக்குச் சற்று மேலே லிகமென்ட் (எலும்புகளை இணைக்கும் நார்) அறுந்தது. காப்பாற்ற வழியில்லாமல் கருணைக்கொலை செய்தார்கள். புள்ளிகள் அடுத்த போட்டியில் திரும்ப வரும். கால் அப்படியல்ல.

குதிரையின் முழங்காலுக்குக் கீழே தசையே கிடையாது. எலும்பு, தசையை எலும்போடு இணைக்கும் தசைநாண், லிகமென்ட், தோல், அவ்வளவுதான். நான்கு, ஐந்து நட்சத்திரப் போட்டிகளில், அதாவது மேல்மட்டப் போட்டிகளில், கிராஸ் கன்ட்ரியில் நிமிடத்துக்கு 570 மீட்டர் வேகம் எதிர்பார்க்கப்படுகிறது. ஒவ்வொரு பாய்ச்சலிலும் காலின் பின்பக்கத் தசைநாண் ரப்பர்போல இழுபட்டுச் சுருங்கும். அப்படி இழுபட்டுச் சுருங்குவதில் பிறக்கும் சூடு அதன் நடுப்பகுதியில் தங்கி 45 டிகிரி செல்சியஸ் வரை போகும். தடத்தின் கடைசிப் பகுதியில் மேற்காலின் தசைகள் சோர்ந்ததும் கணு இன்னும் தாழ்ந்து இறங்கும், இழுவை கூடும். குதிரை கடிவாளத்தின் மேல் கனமாகச் சாய்கிறது, தடைகளில் முன்னங்கால் உரசுகிறது என்றால் வேகத்தைக் குறையுங்கள். 20 நொடி மெதுவாக வந்தால் 8 புள்ளி போகும், ஷோ ஜம்பிங்கில் இரண்டு கட்டை விழுவதற்குச் சமம்.

ஓட்டம் முடிந்ததும் உடல் வெப்பம் 40 டிகிரியைத் தாண்டியிருப்பது சாதாரணம். நின்ற பிறகும் சில நிமிடங்கள் அது ஏறும் என்பதை மறந்துவிடுகிறார்கள். சூடான தசையில் ஐஸ் தண்ணீர் பட்டால் இறுகிவிடும் என்ற பயம் இன்னமும் பல லாயங்களில் இருக்கிறது. 1996 அட்லான்டா ஒலிம்பிக்கையொட்டி நடந்த ஆய்வுகளே அந்தப் பயத்துக்கு ஆதாரமில்லை என்று காட்டிவிட்டன. உடல் முழுக்கக் குளிர்ந்த நீரை நிறுத்தாமல் ஊற்றுங்கள். இடையிடையே உடலிலிருந்து நீரை வழித்தெடுத்து நேரத்தை வீணாக்க வேண்டாம். வெப்பம் 39-க்கு அருகே வரும்வரை விடக்கூடாது. ஈரத் துண்டைப் போர்த்தி நிறுத்துவது தவறு, அது வெப்பத்தை உள்ளேயே பிடித்து வைக்கும். குடிக்கவும் உடனே தண்ணீர் கொடுக்கலாம்.

மறுநாள் காலைதான் உண்மை தெரியும். இரவெல்லாம் கட்டியிருந்த பேண்டேஜை அவிழ்த்த உடனே தொட்டால் எந்தக் காலும் சூடாகத்தான் இருக்கும், அரை மணியாவது பொறுங்கள். பிறகு காலைத் தூக்கி மடக்கி, முழங்காலிலிருந்து கணு வரை தசைநாணைக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே பிடித்து மெல்ல இறக்குங்கள். சூடு, கயிறு தடித்ததுபோன்ற புடைப்பு, ஓரிடத்தில் மட்டும் கால் வெடுக்கென்று இழுபடுவது, இவற்றில் ஒன்று இருந்தாலும் நடுவர்கள் முன் டிராட் (மிதமான ஓட்டம்) ஓட்டிக் காட்டுமுன் மருத்துவரை அழையுங்கள். குதிரை நொண்டாமல் இருக்கலாம். தொடக்கக் காயங்களில் பெரும்பாலும் நொண்டாது. பக்கத்துக் காலோடு ஒப்பிட்டால் போதாது, இரண்டுமே அடிபட்டிருக்கலாம். தினமும் தொட்டுப் பார்த்த கைக்குத்தான் நேற்றைய காலும் இன்றைய காலும் வேறென்று தெரியும். ஃபினைல்பியூட்டசோன் என்ற வலி, வீக்க மருந்தைக் கொடுத்து வீக்கத்தை மறைத்துக் களமிறக்குவது விதிமீறல் மட்டுமல்ல, பாதி அறுந்ததை முழுதாக அறுக்கும் வழி.

காயம் முதல் நாட்களில் உள்ளுக்குள் பரவும். அதனால் அன்றே எடுத்த அல்ட்ராசவுண்ட் குறைத்துக் காட்டக்கூடும். ஒரு வாரம், பத்து நாள் கழித்து மறுபடி எடுக்க வேண்டும்.

பெரிய சறுக்கல் இதற்குப் பிறகுதான். மூன்றாம் மாதத்தில் சூடில்லை, வலியில்லை, குதிரை துள்ளுகிறது. ஆறிவிட்டது என்று நினைத்து நாலுகால் பாய்ச்சலில் விட்டால் அதே இடத்திலோ அதன் ஓரத்திலோ திரும்ப அறுகிறது. புதிதாக வளர்ந்த திசு பழையதுபோல நீளாது. அதன் நார்கள் இழுவையின் திசையில் ஒழுங்காக அமைய மாதங்கள் பிடிக்கும். சுமாரான கணக்கு இது: முதலில் தினம் 10 நிமிடம் கையில் பிடித்து நடை, வாராவாரம் 5 நிமிடம் கூட்டலாம். மூன்று மாதத்துக்குப் பின் சவாரியோடு நடை, பிறகு டிராட், ஆறு மாதம் தாண்டி கேன்டர் (மெதுவான பாய்ச்சல்). முழு வேகமும் தாண்டலும் 9 முதல் 12 மாதங்களில். ஒவ்வொரு படிக்கும் முன்பு ஸ்கேன். வேகம் தொடங்கிய பிறகும் மறுநாள் காலை கைவைத்துப் பார்ப்பது நிற்கக்கூடாது. சூடு கண்டால் முந்தைய படிக்கே திரும்பி, மறுபடி ஸ்கேன் எடுக்க வேண்டும்.