பழைய சட்டையைப் பிரிக்கிறவரின் மூச்சு

“திங்கட்கிழமையானா நெஞ்சு இறுக்குது” என்று ஒரு தொழிலாளி சொன்னால் நான் நோட்டை எடுத்துவிடுவேன். பஞ்சுத் தூசியால் வரும் பிசினோசிஸ் நோய் பெரும்பாலும் இப்படித்தான் தொடங்கும். வார விடுமுறை முடிந்து வேலைக்கு வரும் முதல் நாள் மூச்சு முட்டும், அடுத்தடுத்த நாட்களில் குறையும். அதனால் பலரும் சளி என்று விட்டுவிடுகிறார்கள். வேலைத்தலப் பாதுகாப்பு ஆய்வு என் தொழில். நூற்பாலைகளில் கேட்டுப் பழகிய இந்த வார்த்தையை, பழந்துணியைக் கிழித்து மறுபடி நூலாக்கும் கூடங்களிலும் இப்போது கேட்கிறேன்.

இந்தத் தொழில் புதிதல்ல. கம்பளிக் கந்தலைக் கிழித்து நூற்கும் வழக்கம் இங்கிலாந்தின் பேட்லியில் 1813 வாக்கிலேயே தொடங்கிவிட்டது. இத்தாலியின் பிராட்டோவும் இந்தியாவின் பானிபட்டும் இதற்குப் பெயர்போனவை. ஐரோப்பிய ஒன்றிய நாடுகள் 2025 ஜனவரி 1 முதல் பழந்துணியைத் தனியாகச் சேகரிக்க வேண்டும் என்பது சட்டம். அழுத்திக் கட்டிய பழந்துணி மூட்டைகளான பேல்கள் இனி கூடத்தான் செய்யும். பயன்படுத்தியதை வீசாமல் மறுபடி பொருளாக்குவதற்கு வைத்த ‘சுழற்சிப் பொருளாதாரம்’ என்ற பெயர் மட்டும்தான் புதுசு.

பேலை உடைத்ததும் தரம் பிரிக்க வேண்டும். அனுபவமுள்ள பெண்கள் லேபிளைத் தேடுவதில்லை. விரலிடுக்கில் தேய்த்தே கம்பளியா அக்ரிலிக்கா என்று சொல்லிவிடுவார்கள். அப்புறம் ஜிப், பட்டன் எல்லாவற்றையும் பிளேடால் அறுத்தெடுக்க வேண்டும். இத்தனை கைத்திறனுக்கும் நான் பார்த்த ஒரு சம்பளப் பதிவேட்டில் இருந்த பெயர் ‘உதவியாளர்’.

பழந்துணியை வெட்டி மறுபடி உடுப்பாகத் தைக்கும் கூடங்களும் உண்டு. அங்கே எனக்கு அதிகம் உறுத்துவது பீஸ் ரேட், அதாவது எண்ணிக்கைக் கூலி. புதுத் துணியை அடுக்கடுக்காக விரித்து ஒரே வெட்டில் பல சட்டைக்கு வெட்டிவிடலாம். பழையதில் முடியாது. ஒன்றில் காலரில் கறை, இன்னொன்றில் முழங்கையில் ஓட்டை; ஒவ்வொன்றாகப் பார்த்துத்தான் வெட்ட வேண்டும். தைப்பவருக்கும் இதே பாடு. இந்தத் துண்டு ஜீன்ஸ், அடுத்தது மெல்லிய பருத்தி. ஊசியை மாற்றி, நூல் டென்ஷனைச் சரிசெய்து முடிப்பதற்குள் நேரம் போய்விடும். கூலி மட்டும் தைத்த எண்ணிக்கைக்கு. ஒரு கூடத்தில் ஓர் அக்கா கேட்டார்: “ஊசி மாத்துற நேரத்துக்கு யார் சார் காசு தர்றது?” மேலாளர் சிரித்து மழுப்பினார். நேரக்கூலி கொடுக்கலாம், இல்லையென்றால் ஒரு குறைந்தபட்ச நாள் வருமானத்துக்காவது உறுதி தரலாம். இரண்டும் இல்லாத இடத்தில் மறுசுழற்சிக்கான செலவைத் தொழிலாளிதான் ஏற்கிறார்.

2013இல் வங்கதேசத்தில் ஆடைத் தொழிற்சாலைகள் இருந்த ரானா பிளாசா கட்டடம் இடிந்து 1,100-க்கும் மேற்பட்டோர் இறந்த பிறகு, தைக்கும் தொழிற்சாலைகளின் பாதுகாப்பு பற்றி நிறையப் பேசினார்கள். பழந்துணிக் கொட்டகைகள் அந்தப் பேச்சில் வரவில்லை. ஆப்பிரிக்காவில் கானா நாட்டின் தலைநகரான அக்ராவின் கந்தமாண்டோ சந்தையில் ஆயிரக்கணக்கானோர் பழைய உடுப்பைத் திருத்தித் தைத்துப் பிழைக்கிறார்கள். 2025 ஜனவரி தொடக்கத்தில் அதன் பெரும்பகுதி தீயில் கருகியது.

கூடம் நடத்துபவர்களுக்கு: காற்றுக் குழாயால் தூசியை ஊதாதீர்கள், உறிஞ்சி எடுங்கள். கிழிக்கும் இயந்திரத்தை மூடி, தூசி கிளம்பும் இடத்திலேயே உறிஞ்சும் குழாய் வையுங்கள். முகத்தில் கட்டும் கைக்குட்டை நுண்தூசியைத் தடுக்காது. ஆண்டுக்கொரு முறை நுரையீரல் பரிசோதனை செய்யுங்கள்; வேலைக்கு எடுக்கும்போதே ஒன்று செய்துவைத்தால்தான் ஒப்பிட முடியும்.

என்னை ஆய்வுக்கு அழைப்பவர்கள் வாரக் கடைசியில் வரச் சொல்வார்கள், அன்று லோடு குறைவாம். வார விடுமுறைக்கு மறுநாள்தான் வருவேன் என்று சொல்லிவிடுகிறேன்.